மாவட்ட அணிக்குப் பிறகு எங்கே? கொங்குப் பக்கத்து பேஸ்பால் பிள்ளைகள்

காலிங்கராயன் கரை:

எல்லோருக்கும் வணக்கம். பவானிக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. கிரிக்கெட் என்றால் உயிர். ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டேன். முழங்கை மடிகிறது, இவன் பந்து வீசவில்லை, எறிகிறான் என்று சொல்லிப் பந்துவீச்சிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அதே கையைப் பார்த்துவிட்டு பேஸ்பாலில் பிட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பந்தை எறிபவனாக, நிறுத்தினார். இப்போது மாவட்ட அணியில் இருக்கிறான்.

பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுடைய அம்மாச்சி மட்டும், "இது எந்த ஊர் ஆட்டம் சாமி? சோறு போடுமா?" என்று தினமும் கேட்கிறார். எனக்கும் அதே கேள்விதான். வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவே. இந்த வழியில் போய் வந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நொய்யல் வடகரை:

வணக்கம் அண்ணா. நான் பல்கலைக்கழக அணிக்குக் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவனாக, ஆடியவன். இப்போது திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை.

பாதை என்று கேட்டால் இதுதான்: குறுவட்டம், மாவட்டம், மாநிலம், தேசியப் பள்ளி விளையாட்டு. அதன் பிறகு அந்தச் சான்றிதழ்களைக் காட்டிக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம். அங்கிருந்து பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. அதோடு சரி. பட்டம் வாங்கிய அடுத்த மாதம் கிளவ், அதாவது பந்து பிடிக்கும் கையுறை, பரணுக்குப் போய்விடும். என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் அணியில் பேஸ்பாலில் தொடங்கியவர் ஒருவர்கூட இல்லை. ஒருவன் ஈட்டி எறிந்துகொண்டிருந்தான், ஒருவன் கைப்பந்து, இரண்டு பேர் கபடி. நான் விக்கெட் கீப்பர். எல்லோரையும் ஏதோ ஒரு உடற்கல்வி ஆசிரியர் இழுத்து வந்திருந்தார். வேகப்பந்துக்கு விக்கெட் கீப்பர் எங்கோ பின்னால் நிற்பார். கேட்சர் மட்டைக்கு ஒரு முழம் பின்னால் குந்த வேண்டும். முகமூடி, மார்புக் கவசம், கால் காப்பு எல்லாம் உண்டு, இருந்தும் முதல் ஒரு மாதம் கண் தானாக மூடிக்கொள்ளும். அணியில் மற்ற எட்டுப் பேரும் உள்நோக்கிப் பார்த்து நிற்க, மைதானம் முழுவதையும் எதிரே பார்ப்பவர் கேட்சர் ஒருவர்தான். எந்தப் பந்தைப் போடுவது என்று விரலால் சைகை காட்டுவதும் அவர்தான். பேஸ் என்றால் ஓட்டக்காரன் தொட்டு நிற்கிற மூலை; மட்டையாளர் அடிக்காமலேயே ஓட்டக்காரன் இரண்டாம் பேஸைத் திருட ஓடினால் குந்திய இடத்திலிருந்து எழுந்து 127 அடி தூரம் குறி தவறாமல் எறிய வேண்டும். அந்த ஒரு எறிதலுக்காகவே நான் நான்கு ஆண்டுகள் ஆடினேன் என்று சொல்லலாம்.

விசைத்தறி:

நான்கு ஆண்டு ஆடி என்ன கண்டீர்கள் தம்பி? பரண்தானே?

சோமனூர்க்காரன் கணக்குப் பார்த்துத்தான் பேசுவேன். நம் பக்கத்துப் பிள்ளை ஒருவன் மேலே வந்தான் என்றால் அது நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அப்பா தறிக்கூடத்தில் தினக்கூலி, அம்மா சாலையோரக் கடை. டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவன் 2017இல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனான். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போய், ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனான். 2020 டிசம்பரில் கான்பெரா, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன். கிரிக்கெட்டில் ஏணி இருக்கிறது, ஏறினான். பேஸ்பாலில் ஏணியே இல்லையே, பிள்ளை எதில் ஏறுவான்? பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு முக்கியம்.

தாராபுரம் வாத்தியார்:

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். விசைத்தறி ஐயா சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அவர் தாண்டிப் போன பக்கத்தைப் படிக்கிறேன்.

நடராஜன் 2015 ஜனவரியில் ரஞ்சி ஆடினார். முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என்று நடுவர்கள் எழுதிவிட்டார்கள். இங்கே ஒரு தகப்பனார் தன் மகனைப் பற்றி எழுதியிருக்கிறாரே, அதே குற்றச்சாட்டு. முறையை மாற்ற எத்தனை பாடுபட்டிருப்பார் என்று பந்து வீசியவர்களுக்குத் தெரியும். அப்போது தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற ஏணிப்படியே கிடையாது. அது 2016இல்தான் வந்தது. அதற்கு முன்னால் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனது ஊர் அண்ணன் ஜெயபிரகாஷ். அந்த நன்றிக்காகத்தான் ஐ.பி.எல். சட்டையில் ‘ஜே.பி. நட்டு’ என்று போட்டுக்கொண்டார். அவரும் சும்மா இருக்கவில்லை. 2023இல் சின்னப்பம்பட்டியிலேயே மைதானம் கட்டித் திறந்தார். ஏணி தானாக முளைப்பதில்லை ஐயா, எவராவது ஒருவர் மூங்கில் வெட்டிக் கட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது பையனின் கைக்கு வருகிறேன். கிரிக்கெட் விதிப்படி வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. பேஸ்பாலில் அப்படி ஒரு விதியே இல்லை. எவ்வளவு மடக்க முடியுமோ மடக்கி, சாட்டை சொடுக்குவதுபோல் விடலாம். கிரிக்கெட்டில் குற்றவாளி, இங்கே மாப்பிள்ளை. அந்த ஆசிரியர் நல்ல கண்ணுடையவர்.

மறக்க வேண்டியவையும் உண்டு. கிரிக்கெட் பிள்ளைகள் அடித்துவிட்டு மட்டையோடு ஓடுவார்கள். இங்கே மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். அழகாக லேட் கட் அடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பார்கள்; பின்பக்கம் போன பந்து ஃபவுல், அதாவது செல்லாத அடி. கோட்டுக்குள் தரையில் அடித்துவிட்டால் ஓட விருப்பமா இல்லையா என்ற பேச்சே கிடையாது, ஓடியே ஆக வேண்டும். கிளவ் மாட்டிய பிறகும் வெறுங்கை முன்னால் நீளும். அந்தப் பழக்கம் போகும்வரை விரல் வீங்கும்.

ஆனைமலைக் காற்று:

பொள்ளாச்சியில் இயன்முறை சிகிச்சையாளராக இருக்கிறேன். சாட்டை என்று வாத்தியார் ஐயா எழுதியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பதினைந்து வயதில் முழங்கையில் எலும்பு வளரும் தட்டு பலருக்கு இன்னும் மூடியிருக்காது. மேல்கையால் முழு வேகத்தில் எறியும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்பக்கத் தசைநார் இழுபடும். அமெரிக்காவில் சிறுவர் லீக்குகளில் பந்துகளை எண்ணுகிறார்கள். 13 முதல் 16 வயதுவரை ஒரு நாளைக்கு 95 பந்துகள்தான். பதினைந்து வயதுக்காரன் ஒரே நாளில் 76 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் எறியவே கூடாது. நம் ஊரில் மாவட்டப் போட்டியில் காலையில் ஒரு ஆட்டம், மதியம் ஒரு ஆட்டம், நல்லாக எறிகிற ஒரே பிள்ளை இரண்டிலும் எறிகிறான். நானே மைதானத்தில் பார்த்திருக்கிறேன். யாரும் எண்ணவில்லை.

அந்தத் தசைநார் அறுந்தால் உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைத்துக் கட்டுவார்கள். 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தார். அறுவைக்கே அந்த வீரரின் பெயர்தான். அவர் மீண்டும் வந்து பல ஆண்டுகள் ஆடினார். உங்கள் மகனுக்கு அது வேண்டாம் அண்ணா. ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், எறிகிற பந்துகளை எழுதட்டும். உட்பக்கம் வலி என்றால் அன்றே நிறுத்த வேண்டும். எண்ணெய் தேய்த்து மறுநாள் அனுப்பாதீர்கள்.

காலிங்கராயன் கரை:

நோட்டு வாங்கிவிட்டேன் அக்கா. எண்ணெய் விஷயம் எப்படித் தெரிந்தது என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று. உத்தரப்பிரதேசத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் பேஸ்பால் ஆட அமெரிக்கா போனார்களாமே, அதை யாரோ இவனுக்குச் சொல்லிவிட்டார்கள். ராத்திரியெல்லாம் அந்தக் காணொளிகள்தான். அது உண்மையா, கதையா?

நொய்யல் வடகரை:

உண்மைதான் அண்ணா. ரிங்கு சிங், தினேஷ் படேல். இருவரும் ஈட்டி எறிபவர்கள். 2008இல் வேகமாகவும் குறியாகவும் எறிபவரைத் தேடி இந்தியாவில் ஒரு போட்டி நடந்தது. ரிங்கு மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் வென்றார். பேஸ்பால் கிளவ் எந்தக் கையில் மாட்டுவது என்றுகூடத் தெரியாமல் போன இருவரையும் அமெரிக்காவில் பயிற்சி கொடுத்துத் தேற்றி, அந்த ஆண்டு இறுதியிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது.

காணொளிகள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். மீதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு நின்றார். அடிமட்ட லீக்கில் 2009இல் தொடங்கி, படிப்படியாக மேற்கு வர்ஜீனியா அணிவரை ஏறினார். 2012இல் நன்றாகவே எறிந்தார். அதன் பின் கை போயிற்று. அக்கா மேலே எழுதிய அதே அறுவை. அமெரிக்காவின் உச்ச அணிகள் ஆடும் பெரிய லீக்கின் வாசல்வரை அவர் போகவில்லை. 2018இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார்.

என்னைக் கேட்டால் ரிங்குவின் சாதனை அந்த ஒரு லட்சம் டாலர் அல்ல. மொழி தெரியாத ஊரில், பஸ்ஸிலேயே பயணம் செய்யும் சிற்றூர் லீக்குகளில், மூன்று நான்கு பருவம் தாக்குப்பிடித்தது. உங்கள் மகனிடம் அந்தப் பகுதியைச் சொல்லுங்கள். பரிசுப் பகுதியை அவனே பார்த்துக்கொள்வான்.

பேரூர்க்காரி:

ஆண்பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். மாநில அளவில் சாஃப்ட்பால் ஆடினேன். சாஃப்ட்பாலில் பந்து பெரிது, மைதானம் சிறிது, பிட்சர் கையைக் கீழிருந்து சுழற்றி எறிவார். "கீழ்க்கையால் எறிவதில் என்ன வேகம்" என்று கேட்டுவிட்டு மட்டையோடு வந்து நின்ற அண்ணன்மார் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 43 அடி தூரத்திலிருந்து வருகிற பந்து. யோசிக்க நேரம் கிடையாது.

நான் இடக்கைக்காரி. இடக்கையால் எறிபவருக்கு கிளவ் வலக்கையில் மாட்ட வேண்டும். எங்கள் பள்ளியின் ஆட்டச் சாமான் பையில் இருந்தவை அத்தனையும் மறுகைக்கானவை. பெருவிரல் போக வேண்டிய இடத்தில் சுண்டுவிரலை விட்டுக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் ஆடினேன். சேலை கட்டிக்கொண்டு வந்து என் அம்மா மைதான ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். உறவுக்காரர்கள் கேட்டால் "ஸ்பெஷல் கிளாஸ்" என்று சொல்லச் சொல்லியிருந்தார். கல்லூரி இடம் ஒதுக்கீட்டில் கிடைத்ததும் அதே உறவுக்காரர்கள் தங்கள் பெண்களுக்கு என்ன ஆட்டம் சேர்க்கலாம் என்று கேட்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை ஆடுவதற்குச் சான்றிதழ்தான் அனுமதிச் சீட்டு. அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

பெண்கள் பேஸ்பாலும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008 முதல் 2024 வரை தொடர்ந்து ஏழு உலகக் கோப்பைகளை ஜப்பான் பெண்கள் வென்றிருக்கிறார்கள். அந்தப் பெண்களின் பெயர் ஒன்றையாவது இங்கே யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கரும்புக்காடு:

சத்தியமங்கலம் பக்கம். கரும்பு வெட்டுபவர்கள் ஊரிலிருந்து பேஸ்பால் எப்படி வரும் என்று சிரிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

டொமினிகன் குடியரசில் சான் பெத்ரோ தே மாகோரிஸ் என்று ஓர் ஊர். சுற்றிலும் கரும்பு, நடுவில் ஆலைகள். அந்த ஊரும் அதன் ஆலைக் குடியிருப்புகளும் அமெரிக்கப் பெரிய லீக்குக்குக் கொடுத்திருக்கிற ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்தினால் பல அணிகள் கட்டலாம். கன்சுவேலோ ஆலைக் குடியிருப்பில் வளர்ந்த ரிகோ கார்ட்டி 1970இல் .366 சராசரியோடு (ஆயிரம் வாய்ப்புக்கு 366 வெற்றி அடி என்ற கணக்கு) தேசிய லீக்கின் முதல் மட்டையாளர். காலணிக்குப் பாலீஷ் போட்ட சாமி சோசா 1998இல் ஒரே பருவத்தில் 66 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி எல்லை தாண்டும் அடி. ஆல்ஃபோன்சோ சோரியானோ, ராபின்சன் கனோ எல்லோரும் அங்கேதான். பால் அட்டைப்பெட்டியை மடித்து கிளவ் செய்துகொண்டு ஆடிய பிள்ளைகள்.

நமக்கு இதில் சுவையான இடம் வேறு. அந்த ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களில் பலர் ஆங்கிலேயர் ஆண்ட கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த ஆட்டம் கிரிக்கெட். அரவை இல்லாத மாதங்களில் ஆலைக்கு ஆலை போட்டி. அடுத்த தலைமுறை கிரிக்கெட்டிலிருந்து பேஸ்பாலுக்கு மாறிக்கொண்டது. கிரிக்கெட் கையும் கரும்பாலையும் சேர்ந்தால் பேஸ்பால் வராது என்று யார் சொன்னது? ஆப்பக்கூடலிலும் சத்தியிலும் ஆலை இருக்கிறது, கிரிக்கெட் கை ஒவ்வொரு சந்திலும் இருக்கிறது.

விசைத்தறி:

நன்றாக எழுதினீர்கள் கரும்புக்காடு. மறுபக்கத்தையும் எழுதுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளை 16 வயதில் ஒப்பந்தம் செய்கிறார்கள். அதற்கு முன்னாலேயே தரகர்கள் பிடித்து வைத்துக்கொண்டு பங்கு வாங்குகிறார்கள். பள்ளியை விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் பெரிய லீக்கைப் பார்ப்பதே இல்லை, கையில் படிப்பும் இல்லாமல் திரும்புகிறார்கள். சோசா ஒருவரை எண்ணுகிறோம், திரும்பியவர்களை எவர் எண்ணினார்?

நம் ஊரில் குறைந்தபட்சம் சான்றிதழோடு கல்லூரி இடம் கிடைக்கிறது. இந்த விஷயத்தில் பேரூர்க்காரி அம்மணி சொன்னதுதான் சரி. நான் ஆட்டத்துக்கு விரோதி இல்லை. ஆட்டத்தை நம்பிப் படிப்பை விடாதே என்கிறேன், அவ்வளவே.

நொய்யல் வடகரை:

அதற்கும் ஒரு நடுவழி இருக்கிறது ஐயா, ஜப்பானில். அங்கே கம்பெனி அணிகள் உண்டு. பகலில் வேலை, பிறகு பயிற்சி, சம்பளம் கம்பெனியுடையது. நகரங்களுக்கு இடையிலான அவர்களுடைய போட்டி 1927இல் தொடங்கியது. பிட்சர் ஹிதேயோ நோமோ பள்ளி முடித்ததும் சாகாயில் ஓர் எஃகு ஆலை அணியில் சேர்ந்து அங்கேதான் கை தேர்ந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் இருந்தார். பிறகு தொழில்முறை லீக். 1995இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி, அந்த ஆண்டே சிறந்த புதுமுகம். இன்று உலகமே பேசும் ஜப்பான் ஆட்டக்காரர் ஒட்டானியின் அப்பாவும் கம்பெனி அணியில் ஆடியவர்தான். மகனுக்கு முதல் பயிற்சியாளரும் அவரே. அப்பா பெரிய லீக் போகவில்லை. ஆனால் பட்டம் வாங்கிய மறுமாதம் கிளவைப் பரணில் போடவும் இல்லை.

எங்களிடம் இல்லாதது திறமை அல்ல, இருபத்திரண்டு வயதுக்கு மேல் ஆடுவதற்கு ஓர் இடம். கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்குக் கூடைப்பந்து பார்க்க வரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தொழில் குடும்பங்கள் பின்னால் நின்றால் ஓர் ஆட்டம் ஊர்ச் சொத்தாகிறது. ஆலைகளும் பம்ப் கம்பெனிகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் இருக்கிற ஊரில் ஆறு கம்பெனி அணி திரட்ட முடியாதா? 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் மீண்டும் வருகின்றன. பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

விசைத்தறி:

ஆர்டர் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் ஓடும் ஊர் உங்களுடையது. எந்த முதலாளி ஒன்பது பேரை மைதானத்துக்கு அனுப்புவார்? ஒலிம்பிக் பேச்செல்லாம் இருக்கட்டும், முதலில் ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு என்று தொடங்குங்கள்.

தாராபுரம் வாத்தியார்:

ஞாயிறு காலை நல்ல யோசனை. ஆனால் மைதானம் கிடைத்தாலும் பந்து கிடைக்காது. அதுதான் என் முப்பதாண்டு வழக்கு.

காலிங்கராயன் கரைத் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வு முடியும்வரை வாரத்தில் இரண்டு நாள் போதும். பையனைப் பிட்சராக மட்டும் வைக்காமல் வெளிக்களத்திலும் முதல் பேஸிலும் நிற்கச் சொல்லுங்கள். கைக்கும் ஓய்வு, தேர்வாளர் கண்ணுக்கும் கூடுதல் காரணம். எந்தச் சான்றிதழ் எந்த ஒதுக்கீட்டுக்குச் செல்லும் என்பதை அந்தந்த ஆண்டு வெளியாகும் விதிமுறைப் புத்தகத்தில் நீங்களே படியுங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். மூலச் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். மாநிலத் தேர்வுக்கு அனுப்ப யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி பந்து. நம் செம்மண் தரையில், அதுவும் சரளை கலந்த இடத்தில், நல்ல தோல் பந்து ஒரு வாரம் தாங்காது. முதலில் தையல் பிரியும், பிறகு தோல் எழும்பும், பிறகு உள்ளே இருக்கிற நூல் வெளியே வரும்.

விசைத்தறி:

உள்ளே நூலா? பஞ்சு அடைத்தது என்றல்லவா நினைத்தேன்.

தாராபுரம் வாத்தியார்:

நூல்தான் ஐயா. நடுவில் ரப்பர் பூசிய தக்கை, அதன்மேல் கம்பளி நூல் மூன்று அடுக்கு, கடைசியில் பருத்தி கலந்த நூல். மொத்தம் ஏறக்குறைய 370 கெஜம். மேலே இரண்டு துண்டு மாட்டுத்தோல், சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல், எல்லாம் கைத்தையல். எடை 5 முதல் 5¼ அவுன்ஸ். இழுவை சீராக இல்லாமல் சுற்றினால் பந்து ஒருபக்கம் கனத்துவிடும்.

விசைத்தறி:

இழுவை சீராகச் சுற்றுவது எங்கள் பிழைப்பு. கெட்டுப்போன பந்து நான்கைந்து இருந்தால் கொடுத்தனுப்புங்கள், பிரித்துப் பார்க்கிறேன். கம்பளி நூல் கிடைக்காவிட்டாலும் பயிற்சிக்கு ஆகிற மாதிரி கழிவு நூலில் சுற்றிப் பார்க்கலாம். தோல் தைக்கத்தான் ஆள் வேண்டும். ஈரோட்டில் தோல் பதனிடுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பந்து தைக்கிற கை மீரட், ஜலந்தர் பக்கம்தான்.

பேரூர்க்காரி:

செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் பந்துகளுக்கு மெழுகு நூலில் மறுதையல் போட்டுக் கொடுப்பார். தையல் கொஞ்சம் மேடாக இருக்கும், பந்து கூடுதலாக வளையும். எங்களுக்கு அது பிடித்திருந்தது. பேரூர்ப் பக்கம் விசாரித்துச் சொல்கிறேன். சாஃப்ட்பாலும் இரண்டு அனுப்பலாமா ஐயா?

விசைத்தறி:

அனுப்பம்மா. சோமனூர் பஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டுத் தகவல் போடு. ஞாயிறு காலை மைதானம் யார் பார்க்கிறீர்கள்? நான் சுற்றுவேன், ஓட மாட்டேன்.

நொய்யல் வடகரை:

மைதானத்துக்கு நான் பொறுப்பு. சனிக்கிழமை எழுதுகிறேன்.